காலி அட்டைக்கு மாத்திரை

எங்கள் மெடிக்கலுக்கு வந்து வலி மாத்திரை கேட்கும் பையன்களை நான் விரட்டுகிற விதம் கம்பத்தில் பிரசித்தம். தலையை ஒரு பக்கம் மழித்து மறுபக்கம் வளர்த்து, பைக்கை அணைக்காமல் உறுமவிட்டுக்கொண்டு, "பாய், அந்த மாத்திரை இருக்கா?" என்று கேட்பார்கள். எந்த மாத்திரை என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். "ஏலே, மொதல்ல போயி முடிய வெட்டிட்டு வா. ரெண்டாவது டாக்டர் சீட்டோட வா. மூணாவது ஒங்கப்பனக் கூட்டிட்டு வா" என்பேன். மூன்றையும் செய்துவிட்டு வந்தவன் இதுவரை ஒருவனும் இல்லை. பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கேட்பதற்காகவே இன்னொரு டீ சொல்வதுண்டு. எனக்கும் உள்ளூரப் பெருமைதான். இந்த ஊரில் போதைக்கு இடம் கொடுக்காத ஒரு கடை உண்டென்றால் அது என் கடை என்று கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த மாத்திரையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும் முதுகெலும்பு தேய்ந்தவர்களுக்கும் டாக்டர்கள் எழுதிக்கொடுக்கிற வலி மாத்திரை அது. அளவு மீறினால் ஆளைப் பிடித்துக்கொள்ளும். இன்னும் மீறினால் வலிப்பு வரும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இந்தப் பெருமையினால்தான் அந்த வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது. இளம்பிள்ளைகள் போதையில் விழாமல் தடுக்க, மதுரையிலிருந்து சிலர் இணையத்தில் ஓர் உதவித்தளம் நடத்துகிறார்கள். போனில் திறந்து, பேர் ஊர் எதுவும் சொல்லாமல் எழுத்திலேயே பேசலாம். பதில் எழுத அவர்களிடம் படித்தவர்கள் இருந்தார்கள். மாத்திரைகளைப் பற்றித் தெரிந்தவர்கள்தான் குறைவு. மருந்துக்கடைக்காரர்கள் கூட்டம் ஒன்றுக்கு வந்து ஆள் கேட்டார்கள். என் பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துப் பழக்கினார்கள். பழக்கியவர் ஒரு மனநல டாக்டரம்மா. பேர் கேட்கக் கூடாது. ஊர் கேட்கக் கூடாது. உபதேசம் கூடவே கூடாது. எதைப் படித்தாலும் அதிர்ச்சியைக் காட்டக் கூடாது, நாம் அதிர்ந்துவிட்டோம் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை அடுத்த வரியை எழுதாது என்றார். பிறகு என்னை மட்டும் தனியாக, "உங்களுக்கு ரொம்பக் கோபம் வருமாமே சார்?" என்று கேட்டார். யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். "வாய்க்குத்தான் வரும் மேடம், விரலுக்கு வராது" என்றேன். சிரித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை என்னுடைய நேரம். அப்போது கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கலாம். விடியற்காலையில் மலையேறிய ஜீப்புகள் கேரளத்து ஏலத்தோட்டங்களிலிருந்து கூலிப் பெண்களை இறக்கிக் கொண்டுவந்து விடும்போதுதான் எங்கள் தெருவுக்கு மறுபடி உயிர் வரும். அதுவரைக்கும் கல்லா மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, தமிழ்நாட்டில் எந்த மூலையிலிருந்தோ வருகிற பிள்ளைகளோடு இரண்டு விரலால் தட்டித்தட்டிப் பேசிக்கொண்டிருப்பேன்.

முதல் மாதத்திலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளை, "எங்க கிளாஸ்ல எல்லாரும் மாத்திரை போடுறாங்க, நான் போடலைன்னா விளையாட்டுக்குச் சேத்துக்க மாட்டேங்கிறாங்க" என்று எழுதியது. எட்டாவது! எனக்கு எட்டாவதில் அரைக்கால் சட்டைக்குப் பித்தான் போடவே நேரம் சரியாக இருந்தது. கடைக்கு மேலேதான் எங்கள் வீடு. டீ எடுத்துக்கொண்டு இறங்கிவரும் என் மனைவி, "என்ன, பேயறஞ்ச மாதிரி ஒக்காந்திருக்கீக?" என்று கேட்காத நாள் கிடையாது. சொல்லக் கூடாது என்பது விதி. "தலவலி" என்று சொல்லிவைப்பேன். மருந்துக்கடைக்காரனுக்குத் தினமும் தலைவலியா என்று அவள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், நாலரைக்கு மேல் இருக்கும், ஒரு வரி வந்தது.

"மாத்திரைய நிறுத்த முடியல. நிறுத்துனா செத்துருவேனா?"

சாக மாட்டீர்கள், ஆனால் ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது தம்பி, டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று எழுதினேன். என்ன மாத்திரை என்று கேட்டேன். நான் பையன்களை விரட்டுகிற அதே மாத்திரை. ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டேன். வந்த எண்ணைப் பார்த்ததும் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனுக்குக்கூட யாரும் அவ்வளவு தர மாட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் இருப்பவன் யார் என்று எனக்கு நானே ஓர் உருவம் செய்துகொண்டேன். மழித்த தலை, உறுமும் பைக். கடையில் நான் விரட்டிய பையன்களில் ஒருவன் எங்கேயோ வாங்கித் தின்றுவிட்டு இப்போது அழுகிறான் என்று நினைத்தேன். விரல் "பயப்படாதீங்க தம்பி" என்று தட்டிக்கொண்டிருந்தது, மனசு "மாட்டுனியா மவனே" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தத் 'தம்பி'யும் மறுத்து எதுவும் சொல்லவில்லை.

ஒரு வாரத்துக்கு மேல் இப்படியே போயிற்று. எப்போதும் நாலரை மணி வாக்கில் வருவான். நாலைந்து வரி எழுதுவான். நடுவில் பேச்சு அறுந்துபோகும். பத்து நிமிஷம் கழித்துத் திரும்ப வரும், மறுபடி அறுந்துபோகும். பாதியில் விட்டுப் போகிறானே என்று எனக்கு எரிச்சல் வரும். அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்றே மருத்துவம் இருக்கிறது, யாரும் திட்ட மாட்டார்கள், போலீசுக்குச் சொல்ல மாட்டார்கள் என்று திரும்பத் திரும்ப எழுதினேன். "பாப்போம் சார்" என்று மட்டும் வரும்.

பிறகு ஒருநாள் இப்படி எழுதியது: "நேத்து மயக்கம் போட்டு விழுந்துட்டேன் சார். கை கால் இழுத்துச்சாம். வாயில நொரையாம். கூட இருந்த அக்கா சாவிக்கொத்த எடுத்துக் கையில திணிச்சாகளாம்."

வலிப்பு. நான் பயந்தது வந்தேவிட்டது. விதியெல்லாம் மறந்து, "எங்கே விழுந்தீங்க தம்பி? பைக்கில் போகும்போதா?" என்று கேட்டுவிட்டேன்.

"பைக்கா? காட்டுக்குள்ள சார். ஏலச்செடிக்கு அடியில. நான் தம்பி இல்ல. பொம்பளப் புள்ள."

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். கடைப்பையன் கிடையாது, வாடிக்கையாளர் யாரும் இல்லை, பார்க்க ஆள் இல்லாதது நல்லதாகப் போயிற்று. ஒரு வாரமாக நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த பைக்குக்காரன் அப்படியே ஆவியாகிப் போனான். அந்த இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வயது பத்தொன்பதாம்.

அவள் எழுத எழுதத்தான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. நாலரை மணிக்குத் தோட்டத்திலிருந்து ஜீப் கிளம்பும். வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும். அதனால்தான் பேச்சு அறுந்துகொண்டே இருந்தது. ஒரு ஜீப்பில் பதினான்கு பெண்கள், ஒருத்தி மடியில் ஒருத்தி. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, அடியில் தரையை ஒட்டிக் காய்க்கும். ஈரத்தில் குத்தவைத்து, அட்டைக்கடியோடு, காலையிலிருந்து சாயங்காலம் வரை நகர்ந்து நகர்ந்து பறிக்க வேண்டும். வேலைக்குப் போன முதல் வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதவளுக்கு, ஜீப்பில் வந்த ஒரு அக்கா பாதி மாத்திரையைக் கிள்ளிக் கொடுத்திருக்கிறாள். "இதப் போட்டா மேட்டுல ஏறுறதே தெரியாதுடி" என்றாளாம். தெரியவில்லை. மறுநாள் அவளே இன்னொரு பாதியைக் கேட்டாள்.

போதை என்றால் கூத்து, கும்மாளம் என்றுதான் நான் நினைத்துவைத்திருந்தேன். கூலி வேலைக்குப் போவதற்காக ஒரு பிள்ளை இதைத் தின்னும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இத்தனைக்கும் தினமும் என் கடை வாசலில்தான் அந்த ஜீப்புகள் நிற்கின்றன.

ஏலத்தோட்டத்துக்கு ஜீப் போகிற ஊர் எங்கள் ஊர் ஒன்றுதானா? போடியிலிருந்தும் போகிறது. இவள் போடிக்காரிதான் என்று முடிவுகட்டினேன். எதற்காக முடிவுகட்டினேன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாளும் எழுதினாள். வலிப்பு வந்தது தோட்டத்துக் கங்காணிக்குத் தெரிந்தால் வேலைக்குச் சேர்க்க மாட்டார், ஜீப்பில் ஏற்ற மாட்டார்கள், அதனால் வெயில் மயக்கம் என்று சொல்லிவைத்திருக்கிறார்களாம். ஐப்பசியில் என்ன வெயில்! ஜீப்பில் கடைசி ஆளாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே காலைத் தொங்கப்போட்டு உட்காருகிறவள் அவள். அந்த வளைவில் ஒரு தடவை கை இழுத்துக்கொண்டால் என்ன ஆகும்? எனக்கு வந்த ஆத்திரத்தில், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். கோபம் விரலுக்கும் வந்துவிட்டது.

"இந்த மாத்திரையைச் சீட்டு இல்லாமல் எந்தப் பாவி உங்களுக்குக் கொடுக்கிறான்?"

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. ஜீப் ஏதோ வளைவில் இருந்திருக்க வேண்டும். பிறகு மொத்தமாக வந்தது.

"பாவியெல்லாம் இல்ல சார். நல்ல மனுசந்தான். பாய் கடை. ரொம்பக் கண்டிப்பு. பயலுக வந்து கேட்டா, முடிய வெட்டிட்டு வா, சீட்டோட வா, ஒங்கப்பனக் கூட்டிட்டு வான்னு வெரட்டி விட்ருவாரு. நான் தூக்குவாளியோட போவேன்ல, எங்கிட்ட ஒண்ணுங் கேக்க மாட்டாரு. காலி அட்டையக் காமிச்சு அம்மாவுக்குன்னு சொல்லுவேன். அம்மா எப்பிடி இருக்காகன்னு கேட்டுட்டுக் குடுத்துருவாரு. எங்கம்மா செத்து ரெண்டு வருசமாச்சு."

இதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. என் வசனம். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் காசு கொடுத்துக் கேட்கிற என் வசனம், வார்த்தை பிசகாமல் அந்தத் திரையில் இருந்தது.

காலி அட்டை விஷயத்தை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. டாக்டர் சீட்டு எங்கேயாவது தொலைந்துபோயிருக்கும். மாத்திரை தீர்ந்த அட்டையைப் பையில் வைத்துக் கொண்டுவந்து, "இதே குடுங்க" என்பார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அப்படித்தான் வாங்குகிறார்கள். நாங்களும் அட்டையைத் திருப்பிப் பார்த்து, அதே அட்டையை எடுத்துக் கொடுத்துவிடுவோம். மலை மேட்டிலிருந்தும் வருசநாட்டு ஓரத்திலிருந்தும் வருகிறவர்களிடம் சீட்டு கொண்டுவா என்று திருப்பியனுப்பினால் இரண்டு பஸ் மாற வேண்டும் என்கிற இரக்கம் ஒரு பக்கம். காலி அட்டையைப் பார்த்தால் ஏற்கெனவே யாரோ டாக்டர் எழுதிக்கொடுத்ததுதானே என்கிற சோம்பேறித்தனம் மறுபக்கம். மற்ற மாத்திரைக்குச் சரி, இந்த மாத்திரைக்கு அது கூடவே கூடாது. சட்டமும் அப்படித்தான். படித்து வைத்திருக்கிறேன். லைசன்ஸைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் எழுதினால் அந்த லைசன்ஸ் என்ன ஆகும் என்று என் மனைவி கேட்கிறாள். ஆவது ஆகட்டும்.

அந்தச் சாயங்காலம் அடுத்த இடி என் மண்டைக்குள்ளேயே விழுந்தது. அவள் யார் என்று யோசித்தேன். அம்மாவுக்கு என்று சொல்லி அந்த அட்டையை நீட்டுகிற பெண், ஜீப்பிலிருந்து இறங்கி வருகிறவள், சுடிதாருக்கு மேலே ஆம்பிளைச் சட்டை போட்டவள், கையில் தூக்குவாளி. என் நினைவில் ஒரு முகம் அல்ல, நான்கு முகங்கள் வந்தன. இவர்களில் யார்? மற்ற மூன்று பேருடைய அம்மாக்கள் இருக்கிறார்களா? எனக்குத் தெரியவில்லை. நான்கு பேரிடமும் "அம்மா எப்பிடி இருக்காக?" என்று அக்கறையாகக் கேட்டிருக்கிறேன். பதிலைக் காதில் வாங்கியிருந்தால்தானே தெரியும்.

நேரம் நாலே முக்கால் தாண்டிவிட்டது. மதுரை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க கடையா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். எங்களை அதிராதே என்று பழக்கியவரும் அதிர்ந்துதான் போயிருந்தார்.

"அந்தப் பொண்ணோட பேச்சை இப்பவே எனக்கு மாத்தி விடுங்க. இனிமே நீங்க அதுல ஒரு வரி எழுதக் கூடாது" என்றார். "அங்க அவங்க எழுதினதை வச்சு உங்க கடையில அவங்களை மடக்கினீங்கன்னா, அந்தப் பொண்ணு இனி யார்கிட்டயும் வாயைத் திறக்காது."

"அப்ப நான் என்ன செய்யிறது மேடம்? இன்னும் அரை மணி நேரத்துல ஜீப் வந்துருமே, அட்டையோட வந்து நின்னா?"

"கடைக்காரரா நீங்க செய்ய வேண்டியதைச் செய்யுங்க சார். அதை இவ்வளவு நாளும் செஞ்சிருக்கணும்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை. வலிப்பு வந்திருப்பதால் இன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும், மாத்திரை இல்லை என்று வெறுமனே விரட்டினாலும் ஆபத்து என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. கல்லாவில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜீப் வந்து நின்றது. பெண்கள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். தலையில் துண்டு, சட்டையெல்லாம் சேறு. பதினான்கு பேரும் எனக்கு இத்தனை நாளாக ஒரே ஆளாகத்தான் தெரிந்திருக்கிறார்கள் போல. எல்லாருக்கும் முன்னால் பின்கம்பியிலிருந்து இறங்கியவள் என் கடைப் படியேறினாள். மெலிந்த பிள்ளை. உதடு வெடித்திருந்தது. கண்ணாடி மேஜையின் மேல் காலி அட்டையை வைத்தாள்.

"அம்மாவுக்கு, பாய்."

என் வாய் பழகின வாய். எனக்கு முன்னால் அது முந்திக்கொண்டது.

"அம்மா எப்பிடி இருக்காக?"

"அப்பிடியேதான் இருக்காக."

அந்த அட்டையையே பார்த்தேன். ஆரம்பத்தில் பத்து நாளைக்கு ஒரு தடவை வந்தவள், பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, இப்போது மூன்று நாளைக்கு ஒரு தடவை வந்து மூன்று அட்டையாக வாங்கிப் போகிறாள். இதை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்தேன். பாவம், அந்த அம்மாவுக்கு வலி கூடிவிட்டது என்று நினைத்தேன்.

"ஆத்தா, சீட்டு இருக்கா?"

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "வீட்டுல இருக்கு பாய்."

"இத்தன நாளா நான் ஒங்கிட்ட சீட்டு கேக்கல. கேக்காமக் குடுத்தது என் தப்பு. இனி இத நான் குடுக்க மாட்டேன்."

அட்டையை எடுக்கக் கை நீட்டினாள். நான் என் கையை அட்டையின் மேல் வைத்துக்கொண்டேன். போய்விடுவாள், எதிர்ச்சாரியில் வேறு கடை இருக்கிறது.

"இரு. ஒன்னய வெறுங்கையோட வெரட்டவும் மாட்டேன். இந்த மாத்திரைய இம்புட்டு வேகமாத் தின்னா யாரா இருந்தாலும் வலிப்பு வரும் ஆத்தா. உசுருக்கே ஆபத்து. நீ வீட்டுக்குப் போயி ஒங்கம்மாவக் கெளப்பு. ஆட்டோ நான் கொண்டாறேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்."

இதை நான் யோசித்து வைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. அவள் தூக்குவாளியை மேஜை மேல் வைத்தாள். இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா இல்ல பாய்" என்றாள். "எனக்குத்தான்."

ஏற்கெனவே படித்துத் தெரிந்துகொண்ட செய்திதான். ஆனால் அதை அந்த வாய் சொல்லிக் கேட்டபோது, நான் நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மாடியைப் பார்த்து என் மனைவியைக் கூப்பிட்ட கூப்பாட்டில், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அவள் முக்காடுகூடச் சரியாகப் போடாமல் ஓடிவந்தாள். விஷயத்தைச் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையின் கையிலிருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "சாப்பிட்டியாடி?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலமே உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவளுடைய அத்தைக்குச் சொல்லியனுப்பினோம். அப்பா திருப்பூரில் வேலையாம். என் மனைவி ஆஸ்பத்திரியிலேயே அவளோடு தங்கிவிட்டாள். காலையில் அங்கிருந்த டாக்டர் சீட்டு எழுதிக்கொடுத்து, தேனி பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்.

தேனி பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட், நடுவில் என் மனைவி, பக்கவாட்டுச் சீட்டில் நான். சின்னமனூர் தாண்டும்போது என் மனைவி அவளிடம் பேச்சுக் கொடுத்தாள். இவ்வளவையும் ஒருத்தியாகவே மனசுக்குள் வைத்துக்கொண்டு இருந்தாயா, யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டாள்.

"போன்ல ஒரு சார்கிட்டச் சொன்னேன். எந்த ஊருன்னு தெரியல. மதுரையா இருக்கும், மெட்ராஸா இருக்கும். ரொம்ப நல்லவரு. எம்புட்டு மாத்திரை, எப்ப சாப்புடுற, தூங்குனியான்னு எல்லாங் கேப்பாரு. நேத்துலருந்து வேற ஒரு மேடம் பேசுறாக. அவரு என்னா ஆனாருன்னு தெரியல."

என் மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். தினசரித் தலைவலிக்கு அவளுக்கு அப்போதுதான் அர்த்தம் கிடைத்திருக்க வேண்டும். நான் வெளியே வாழைத்தோட்டங்களைப் பார்த்தேன். நான்தான் அது என்று அவளிடம் சொல்லக் கூடாது. மதுரை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சொல்லலாம் என்றால்கூட எந்த முகத்தோடு சொல்வேன்? நாலரை மணிக்கு அழாதே என்று எழுதினவனும் ஐந்தேகாலுக்கு மாத்திரையை எடுத்து நீட்டினவனும் ஒரே ஆள் என்றா?

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். ரத்தம் எடுக்க வேண்டும், சில நாள் இங்கேயே தங்க வேண்டும், வேறு மருந்து கொடுத்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம், சரியாகிவிடும் என்றார். பிறகு பேனாவை நிறுத்தி, "எங்கே வாங்கினே?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவேயில்லை. "அங்கங்க, பல கடையில" என்றாள்.

என்னைக் காப்பாற்றுகிறாள். உயிர் போகிற நிலைமையில் இருக்கிற பிள்ளை, கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிற என் லைசன்ஸைக் காப்பாற்றுகிறாள். சரி, போகட்டும் என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி எனக்கும் தோன்றியது. அந்த நொடியை நினைத்தால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

"நீங்க இவங்களுக்கு யாரு? அப்பாவா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"இல்ல சார். மாத்திரை குடுத்த கடைக்காரன்."

டாக்டர் பேனாவை மூடினார். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அவரும் அதிர்ச்சியைக் காட்டக் கூடாது என்று பழகியவராகத்தான் இருப்பார், முடியவில்லை. "எல்லாமே நீங்கதானா?" என்றார். ஒரு வருஷமாக எல்லாமே நான்தான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

ரத்தம் எடுக்கிற இடத்தில் வரிசை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி இட்லி வாங்கப் போயிருந்தாள். அந்தப் பிள்ளை ரத்தம் எடுக்கிற சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். நன்றி சொல்வாளோ, ஏன் சொன்னீக என்று கோபித்துக்கொள்வாளோ என்று நான் இரண்டுக்கும் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"போன்ல பேசுன அந்த சாரு என் மொகத்தப் பாத்ததே இல்ல பாய்" என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. "அவரு கேட்டாரு. நீங்க ஒரு வருசமா என் மொகத்தப் பாத்துத்தான் குடுத்தீக. ஒரு நாளாச்சும் சீட்டு எங்கன்னு கேட்டிருந்தீகன்னா, நான் அன்னைக்கே மாட்டிருப்பேன்ல?"